அலமாரிக்கு இடம் கிடைத்தது

பழைய பொம்மைக் கார் ஏலத்தில் காருக்கு மதிப்பில்லை. அது வந்த அட்டைப்பெட்டிக்கும் கார் மேல் இருக்கிற பழைய பெயிண்டுக்கும்தான் மதிப்பு. இது தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். என்னைப் போல சம்பளத்தையெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவிட்டு, வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த கடைவீட்டை யாரோ வாங்கி ஹோட்டலாக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. இனி தாசேக் கெலுகோரில் மகள் வீட்டில் ஓர் அறை. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது, அலமாரி எங்கே நுழையும்? ஃபேஸ்புக் லைவில் ஏலம் விட முடிவு செய்தேன். ஒரே நிபந்தனை: அலமாரியோடு அத்தனை காரும் ஒரே ஆளிடம் போக வேண்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியவன் நான். கூறு போட்டு விற்க இதென்ன கருவாடா?

பெட்டி பார்த்தவர்

ஏலத்துக்கு முன்பே பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியின் மடிப்பை விரலால் தடவினார், மோந்துகூடப் பார்த்தார். ஆஹா, ரசிகன் வந்துவிட்டான் என்று நானே ஓடிப்போய் தே தாரிக் வாங்கி வந்து கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, காரெல்லாம் என்கிட்ட இருக்கு லா. பெட்டிய மட்டும் கொடுங்க, காரை நீங்களே வச்சுக்குங்க.”

மைத்துனன் செய்த உபகாரம்

என் மனைவியின் தம்பி முருகையாவுக்குப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் வேலை. தங்கமான பையன், அதுதான் ஆபத்து. மூட்டை கட்ட உதவி செய்ய வந்தவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அலமாரியிலிருந்த நீல வேனை எடுத்துக்கொண்டு போனான். கதவோரம் லேசாகப் பெயிண்ட் உதிர்ந்த அந்த வேன்தான் அலமாரிக்கே ராஜா. மறுநாள் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான்.

பழைய காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் கதை முடிந்தது. அதற்கப்புறம் சேர்ப்பவன் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

“பரவால்ல மச்சான், இதுக்குப் போய் எதுக்கு நன்றி? இன்னும் நாலு கார் கொடுங்க, அடிச்சுத் தரேன்!”

ஏலம் எடுத்தவர்

ஞாயிறு மத்தியானம் லைவ் போட்டேன். ஈப்போக்காரர் ஒருவர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போய் மொத்தத்தையும் எடுத்தார். என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். நான் லாரிக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காரையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிவைத்தேன். திங்கட்கிழமை அவரே போன் செய்தார், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மன்னிச்சுக்குங்க அண்ணே, அந்த அலமாரி உள்ள வந்தா நான் வெளிய போகணுமாம், என் வீட்டுக்காரி சொல்லிட்டா.”

அளவெடுக்க வந்த பெண்

சுற்றியதையெல்லாம் பிரித்து அடுக்கி மறுபடி ஏலம் விட்டேன். இந்த முறை எடுத்தது கோலாலம்பூர்ப் பெண், ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்பவள். நேரிலேயே வந்தாள், பணத்தையும் உடனே போட்டாள். முருகையா கெடுத்த நீல வேனைத்தான் முதலில் தூக்கினாள். “இந்தக் கலர்தான் வேணும் அங்கிள், சுவத்துக்குப் பொருந்தும்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றையும் பிரிக்கக் கூடாதும்மா என்று கெஞ்சினேன். “பிரிக்கவே மாட்டோம், எல்லாத்தையும் ஒரே சுவத்துல பசை போட்டு ஒட்டிடுவோம்” என்று ஆறுதல் சொன்னாள்.

வாங்கிய காசு வாங்கியதுதான், என்ன செய்ய? லாரியை எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று கேட்டேன். அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து எங்கள் வரவேற்பறைச் சுவரில் வைத்தாள்.

“லாரி எதுக்கு அங்கிள்? அலமாரி இங்கயே இருக்கட்டும், நீங்க மட்டும் காலி பண்ணுங்க லா.”

ஆக, சகோதரர்களே, மாதம் தவறாமல் வாடகை கட்டிய நான் தாசேக் கெலுகோரில் கட்டிலைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருக்க, என் கார்கள் மட்டும் எங்கள் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன.