பூஜாடிக்குள் இருந்தது

அந்த விடுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘வாடல்’ என்றால் திரும்பிப் பார்ப்பாள். வரவேற்பு மேசையில், கழுத்து குறுகிய உயரமான பூஜாடி ஒன்று இருந்தது. அதில் ரோஜாக்களை அடுக்குவது அவள் வேலை. இன்று நிமிர்ந்து நிற்கும் பூக்கள் மறுநாளே திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

“பூவுக்கே இந்தக் கதின்னா, இவளைக் கட்டினவன் எப்படித் தாங்குறான்?” என்பார் முதலாளி. கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அவள் மனசு எம்மாத்திரம்? தன் கை ராசியில்லாத கை என்று அவளே நம்பிவிட்டாள். அதனால்தான், பிரசவமான நாத்தனார் கைக்குழந்தையோடு வந்து தங்கியபோது, சமைத்தாள், துணி அலசினாள், தொட்டிலைக்கூட ஆட்டினாள். குழந்தையை மட்டும் தூக்கவில்லை.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பும் நாளும் நெருங்கியது.

“அண்ணி, இவளைக் கொஞ்சம் பிடிங்க. குளிச்சிட்டு வந்துடுறேன்.”

“அடுப்புல பால் இருக்கும்மா.”

“அடுப்பே பத்த வைக்கலையே! என் பொண்ணு என்ன பாம்பா, தூக்கினா கொத்திடுவாளா?”

“என் கை வேணாம். பூவே வாடிப்போகுது. இது பச்சை மண்ணு.”

நாத்தனாருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “இத்தனை வருஷமா உங்க கையாலதான் எங்கண்ணன் சாப்பிடுறான். அவன் தொப்பை வாடிச்சா?”

அண்ணி சிரித்தாளே தவிர, கையை நீட்டவில்லை.

நாத்தனார் பால் புட்டியை எடுத்து, நீளக் காம்பு வைத்த பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைந்தாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் குடைந்தாள். “உள்ள கொஞ்சம் வழுவழுப்பு தங்கினாப் போதும் அண்ணி, ஊத்துற பாலெல்லாம் கெட்டுடும்.”

அவள் புட்டியின் குறுகிய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதி ஜாடியின் வெளிப்புறம் தினமும் பளபளவென்று துடைக்கப்படும். உள்ளே? கை நுழையாது. தண்ணீரைச் சுழற்றி ஊற்றுவதோடு சரி. போதாததற்கு, ஜாடி நிறைந்து தெரிய வேண்டும், இலையைக் கிள்ளாதே என்று முதலாளியின் உத்தரவு. தண்ணீருக்குள் அந்த இலைகள் ஊறி அழுகிக்கொண்டிருக்கும்.

“உன்கிட்ட பழைய பிரஷ் இருக்கா?”

மறுநாள் ஜாடிக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குடைந்தபோது, பச்சையாகக் கூழ் வெளியே வந்தது. சாக்கடை நாற்றம். சமையல்கட்டே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஒரு பெண்ணின் கையைப் பழித்தவர்களில் ஒருவருக்காவது ஜாடிக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியதா?

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. ரோஜாக் கட்டை இரண்டாகப் பிரித்தாள். பாதியின் காம்புகளைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் படும் இலைகளை உருவிவிட்டு, கழுவிய ஜாடியில் வைத்தாள். மீதியை, சாப்பாட்டு அறையில் கழுவாமல் கிடந்த அதே மாதிரிப் பழைய ஜாடியில், இலையும் தழையுமாக வழக்கம்போலச் செருகினாள். கை அதே கைதான்.

சாப்பாட்டு அறைப் பூக்கள் மறுநாளே கவிழ்ந்தன. தினம் தண்ணீர் மாற்றிய மேசை ரோஜாக்களோ இதழ் விரித்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரித்துக்கொண்டு நின்றன.

“பரவாயில்லையே வாடல், ராசி திரும்பிடுச்சா?” என்றார் முதலாளி.

“ராசி என்னங்க ராசி. ஜாடி நாறிக் கிடந்துச்சு, கழுவினேன்,” என்றாள். “எனக்குப் பேர் இருக்குங்க. இனிமே அதைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி “சரி சரி” என்று செய்தித்தாளைத் தேடினார்.

அன்று மாலை வீட்டில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். “என்ன அண்ணி, ஆபரேஷனா?”

“குழந்தையைக் கொடு.”

நாத்தனார் துணியைப் போட்டுவிட்டு, தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். குழந்தை அவளைக் கண் இமைக்காமல் பார்த்தது. பிறகு, தாராளமாக அவள் புடவையை நனைத்தது.

“ஐயோ, கொடுங்க, துணி மாத்தித் தர்றேன்.”

“நீ உன் வேலையைப் பாரு,” என்று அவள் குழந்தையை இன்னும் அணைத்துக்கொண்டாள். “நானே மாத்துறேன்.”