கையைத் தூக்கினால் கம்பு உயரும்

மேலகரத்துக்கு மேற்கே ஒரு வயலை மனைகளாகப் பிரிக்க அளந்துகொண்டிருந்தோம். முக்காலியில் நிறுத்திய டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோடு நான் ஒரு மூலையில். எதிர்மூலையில் உலோகக் கம்பைப் பிடித்தபடி என் அக்காவின் கணவர். அதன் உச்சியில் கருவி குறிபார்க்கும் பிரிசம் கண்ணாடி. அத்தான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க மாட்டார், அக்காவையும் இருக்க விட மாட்டார். அதனால்தான் வேலைக்குக் கூட்டிப் போவேன்.

வழக்கமாகப் போனில் பேசிக்கொள்வோம். அன்று சாரல் விட்டுவிட்டு அடித்தது. நனையும் என்று போனை பைக் பெட்டியில் பூட்டிவிட்டார். பிறகு கைச்சாடைதான். நான் கையை உயர்த்தினால் கம்பின் உள்தண்டை இழுத்து நீட்டுவார், இறக்கும்வரை நிறுத்த மாட்டார். அவருக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான்.

இடையில் வாழை மறைத்தது. கையை உயர்த்தினேன். பிரிசம் இலைகளுக்கு மேலே ஏறியது. கருவியின் தொலைநோக்குக் குழாய் வழியே பார்த்தால் அதற்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கோடு. லென்ஸிலேயே இருக்கும் குறுக்குக்கோடு என்று நினைத்துக் குழாயை லேசாகத் திருப்பினேன். குறுக்குக்கோடு குழாயோடு நகர்ந்தது. இந்தக் கோடு நகரவில்லை.

தொய்ந்து கிடந்த மின்கம்பி அது.

"அத்தான், வேண்டாம்!" இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக் கத்தினேன். மலைக்காற்று என் முகத்தில் அடித்தது. சத்தம் எனக்குப் பின்னால்தான் போயிருக்கும். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக இழுத்தார்.

அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கினால் நிறுத்துவார். ஆனால் அளந்தாயிற்று என்று நினைத்து, நிமிர்த்திய கம்போடு அடுத்த இடத்துக்கு நடப்பார், அதுவும் கம்பிக்கு அடியில். வேறு வழி தெரியாமல் சேற்றில் பொத்தென்று விழுந்தேன்.

அவர் கம்பைப் போட்டார். எந்தப் பக்கம் சாயுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்காவிடம் என்ன சொல்வேன்? சேற்றில் காலடிச் சத்தம் ஓடி வந்தது.

"ஏ மாப்ள, என்னத்துக்கு இங்கன கெடக்க? தல சுத்துதா?"

அவர் நின்ற இடத்துக்கு மேலே காட்டினேன். கம்பியைப் பார்த்தார், வரப்பில் கிடந்த கம்பைப் பார்த்தார். அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ரெண்டு கையையும் தூக்குனியா, ரொம்ப ஒசரம் வேணும்போலன்னுல்லா இழுத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, எழுந்திரு என்று கை நீட்டினார். நனைந்திருந்தாலும் அந்தக் கை சூடாக இருந்தது. அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.