அப்பா என்று தொடங்கும் முகவரி

ஆவுடையப்பன் தீவின் துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். சென்னைக் கப்பல் எப்போது வரும், எப்போது கிளம்பும் என்று ஊரே அவர் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் தாயில்லாப் பிள்ளையான மகள் சுகுணா, கல்லூரியில் படிக்கும்போதே கப்பல் நேரங்களுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். அதே பெயரில் அவருக்கு ஒரு மெயில் முகவரி. முன்னால் ‘அப்பா’ என்று வைத்தாள்.

பிறகு ஒருநாள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு மெயின்லேண்ட் போய்விட்டாள். “இனிமே இந்த வாசப்படிய மிதிச்சிராத!” என்று போனில் கத்தினார். இரண்டு வருஷம் கழித்து அந்த முகவரிக்கு அவளிடமிருந்து ஒரு மெயில் வந்தது: “அப்பா, நல்லா இருக்கேன். எனக்கு எழுதுவீங்களா?” மனுஷனுக்கு வீம்பு. கொஞ்ச நாள் தவிக்கட்டும் என்று பதில் போடாமல் விட்டார்.

வெப்சைட் பெயரைப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெட் படுத்துவிட்டது. தீவில் நெட் போனால் எந்த ஆபீஸும் கடைசித் தேதியைத் தள்ளிவைக்கும். எங்கோ உட்கார்ந்து பெயர் விற்கிறவனும் அப்படியே பொறுப்பான் என்று இவர் நிம்மதியாக இருந்தார். அவன் எதற்குப் பொறுக்கப் போகிறான்? கெடு முடிந்ததும் வெளிநாட்டுச் சூதாட்டக் கம்பெனி ஒன்று பெயரை வாங்கிவிட்டது. மகளின் கடிதமும் அவள் முகவரியும் அதோடு போயின.

ரிடையர் ஆனதும் ஷாதிபூர் குவார்ட்டர்ஸையும் லேண்ட்லைனையும் ஒப்படைத்துவிட்டு சிப்பிகாட்டுக்குக் குடிபோனார். மகளிடம் மிஞ்சியிருப்பது அந்த மெயில் முகவரி ஒன்றுதான். எழுதியிருப்பாள், திரும்பிப் போயிருக்கும், அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்திருப்பாள். இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அந்தப் பெயரைத் திறந்து பார்ப்பார். சீட்டுக்கட்டும், பல்லைக் காட்டும் ஒரு பெண் படமும் இருக்கும்.

போன மாதம் வெறும் பக்கம் வந்தது. டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உமா மகேஸ்வரியிடம் ஓடினார். கம்பெனிக்காரனும் புதுப்பிக்காமல் விட்டிருந்தான். யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று பெயர் பொதுவில் விழும் அன்றே பிடிக்க அவள் பதிவு செய்துவைத்தாள். அதுவரை அவர் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

“அங்கிள், ஹோ கயா! பேர் நம்ம கைக்கு வந்துருச்சு.”

“அவ எழுதினதெல்லாம் உள்ள இருக்காம்மா?”

“இல்ல அங்கிள். நடுவுல வந்ததெல்லாம் திரும்பிப் போயிருக்கும். இனிமே எழுதினா வரும்.”

சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

“எத்தன வருஷத்துக்குப் போடலாம்?”

“அதிகபட்சம் பத்து.”

“இருபது போடு.”

“விடமாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு ரினியூ பண்ணுங்க, அவ்ளோதான்.”

ஆவுடையப்பனுக்கு எழுபத்தொன்று.

“கெடு வந்தா தகவல் வரும்லா, அதுக்கு உன் நம்பரப் போடும்மா. நான் இல்லாட்டியும், அவ எழுதுதது திரும்பிப் போயிரக் கூடாது.”