கோபுரத்துப் புறாக்களுக்காகத் துப்பாக்கி வாங்கியது

வேலன்றி வேறு படை வேண்டாத பெருமானே! எதிர்த்து வந்த சூரனையும் மயிலாகவும் சேவலாகவும் மாற்றி அருகிலேயே வைத்துக்கொண்ட கருணைக் கடலே! உன் சந்நிதிக்குள் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்த பாவி அடியேன்தான். பறவைகள்மேல் உனக்குள்ள பரிவை எண்ணியே அதைச் செய்தேன். இதை எழுதி முடிக்கும்வரை என் விரல்களில் பொய் புகாமல் காத்தருள்வாயாக.

அது கார்த்திகை மாதத்து வளர்பிறைத் தசமி, புதன்கிழமை, உத்திரட்டாதி நட்சத்திரம். காலை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் நல்ல நேரம். துப்பாக்கி வாங்குவதற்கு நாள் பார்த்தவன் இரங்கூனில் என்னைத் தவிர வேறொருவன் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். பெண் பார்க்க, கிணறு வெட்ட, மாடு வாங்க, மருந்துண்ண என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்திருந்தார்கள். துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. கடைசியில் வாகனம் வாங்கும் நாளையே எடுத்துக்கொண்டேன்.

“துப்பாக்கி எப்படிங்க வாகனமாகும்?” என்று கேட்டாள் என் மனைவி.

“குண்டு அதிலிருந்துதானே புறப்பட்டுப் போகிறது” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. திருநீறு பூசுற கையில இனி அதுவும் புடிங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த நிலைக்கு நான் வந்த கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. இரங்கூனின் க்யிம்யிண்டைங் பகுதியில் ஆற்றங்கரைப் படகுத்துறைக்கு அருகே எங்கள் முருகன் கோயில். பல ஆண்டுகள் கழித்துக் கோபுரத்துக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தோம். தை மாதத்தில் கும்பாபிஷேகம். வர்ணம் காய்வதற்குள் புறாக்கள் வந்துவிட்டன. படகுத்துறையில் இறங்கும் நெல்லும் அரிசியும் அவற்றின் சாப்பாடு; எங்கள் கோபுரம் அவற்றின் சாப்பாட்டுக்குப் பிந்தைய இளைப்பாறுமிடம். இரண்டு வாரத்தில் துவாரபாலகர்களின் மீசை வெளுத்துவிட்டது. இந்திரன் தலையில் ஒரு புறா நிரந்தரமாகவே குடியேறிவிட்டது.

கோயில் தலைவர் லத்தா கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். கோபுர வர்ணத்துக்கு முழுப் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார். தகரம் தட்டிப் பார்த்தார், வெள்ளித்தாள் கட்டிப் பார்த்தார், வைக்கோல் பொம்மை ஒன்றை ஏற்றிப் பார்த்தார். பொம்மையின் தோளிலும் புறா உட்கார்ந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் அவர் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

“எலி மருந்து. அரிசியில கலந்து மேல வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது. யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?”

எல்லோரும் பொட்டலத்தைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தச் சந்நிதியில் காலையும் மாலையும் பதிகம் பாடி வருபவன் நான். நான் பாடும்போது மேலிருந்து அவை குனுகுவதைச் சுருதிப் பெட்டிக்குப் பதிலாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அவற்றைக் கூடையில் அள்ளிக் கொட்டிவிட்டுக் கும்பாபிஷேகத்தில் எந்த வாயால் பாடுவது? யோசிக்காமல் பேசிவிட்டேன்.

“மருந்து வேண்டாம். துப்பாக்கி வாங்கலாம்.”

கூட்டம் திகைத்தது. துப்பாக்கி என்ற சொல்லையே நாங்கள் தாழ்ந்த குரலில் உச்சரிக்கும் ராணுவ ஆட்சிக் காலம் அது. என் கணக்கு வேறு. மருந்துக்கு ஒரு பிடி அரிசி போதும். துப்பாக்கிக்கு அனுமதி வேண்டும், கடை வேண்டும், குண்டு வேண்டும், சுட ஆள் வேண்டும். இத்தனையும் கூடி வருவதற்குள் தை பிறந்துவிடும்.

தலைவர் முகம் மலர்ந்ததைக் கண்டதும் என் கணக்கில் முதல் பிழை தெரிந்தது. அந்த மனிதருக்குள் ஒரு வேட்டைக்காரன் அறுபது ஆண்டுகளாக வாய்ப்பின்றித் தூங்கியிருக்கிறான்.

“ஏர்கன்! காத்துல சுடுறது. அதுக்கு வார்டு லூஜீகிட்ட நான் சொல்லி வாங்கிடுறேன்” என்றார். லூஜீ என்றால் வட்டாரப் பெரியவர். “ஆனா பாத்து வாங்கணும். கோபுரம் அம்பதடி, குழல் நீளமா இருந்தாத்தான் தூரத்துக்கு அடிக்கும். எல்லாத்துக்கும் மேல, குண்டு எந்தத் தெருவுல கேட்டாலும் கெடைக்கிற அளவா இருக்கணும். குண்டு கெடைக்காத துப்பாக்கி வெறும் உலக்கை. அண்ணே, நீங்களே போயிட்டு வாங்க. உங்க நெத்தியப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்.”

பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது இங்கயே இருக்கட்டும். துப்பாக்கி வேலை செய்யலேன்னா இது செய்யும்.”

இவ்வாறுதான் அந்தத் தசமி நாளில், நெற்றி நிறையத் திருநீறும் கையில் துணிப்பையுமாக லத்தாவின் சந்தடிக்குள் நுழைந்தேன். தூண்டில், வலை, கால்பந்து, அரிக்கன் விளக்கு எல்லாம் விற்கும் ஒரு பாயின் கடை. பல தலைமுறைக்கு முன் கடற்கரை ஊரிலிருந்து கடைபோட வந்த குடும்பம் அவருடையது.

“வாங்கய்யா. என்ன வேணும்?”

“துப்பாக்கி.”

பாய் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். “உள்ள வாங்க.”

பின்புற அலமாரியில் இரண்டு இருந்தன. வார்டு லூஜீ கையெழுத்திட்ட தாளைப் படித்தபின் பாய் முதலாவதை எடுத்தார்.

“இது புதுசு. இதோட குண்டு லத்தாவுல பத்துக் கடையில இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் த்வாண்டே போற படகுல கடலை விக்கிறவன்கிட்ட கேட்டாக்கூட எடுத்துத் தருவான்.”

“அது?”

“அது பழசு. நீளக் குழல், நல்லா தூரம் போகும். ஆனா வாய் அகலம்யா. அதுக்கான குண்டு வந்து பல வருஷமாச்சு.”

“எங்கும் கிடைக்காதா?”

“கெடைக்காது.”

“மாந்தலேயில்?”

“அங்கயும் இல்ல.”

“கப்பலில் வருபவர்கள் யாரேனும் கொண்டுவந்துவிட்டால்?”

“அய்யா, நீங்க தேடி அலையவே வேணாம். சத்தியமாக் கெடைக்காது.”

“அப்படியானால் அதையே கொடுங்கள்.”

பாய் கையிலிருந்த புதுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். “வீட்டுல ஏதும் சண்டையாய்யா?” என்று மெதுவாகக் கேட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் நாவில் பதிகம் தானாக வந்தது. நீளக் குழல் என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. குண்டு என்ற நிபந்தனை காலமெல்லாம் நிறைவேறாது. முருகன் என்னைக் கருவியாகக் கொண்டு புறாக்களைக் காத்துவிட்டான் என்றே எண்ணினேன்.

மாலையில் தலைவர் துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார், வாசல் யானைச் சிற்பத்தைக் குறிவைத்துப் பார்த்தார்.

“குண்டு?”

“தேடிக்கொண்டிருக்கிறேன்” என்றேன். அது பொய்யல்ல, தேடாதவண்ணம் தேடிக்கொண்டிருந்தேன்.

தலைவர் குழலின் வாயை விளக்கொளியில் பார்த்தார். பின்பக்கம் மடக்கித் திறந்து, குண்டு வைக்கும் துளையில் சுண்டுவிரல் நுனியை வைத்துச் சுழற்றினார். அவர் முகத்தில் ஒரு மாற்றம். பருப்பு வியாபாரிகள் மாதிரிக்காகச் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் தானியம் வைத்திருப்பார்கள். எந்தப் பயறு எந்தச் சல்லடையில் நிற்கும், எதில் விழும் என்பதை நாற்பது ஆண்டுகளாக விரலால் அறிந்தவர் அவர்.

“முழுத் துவரை” என்றார். “பெரிய சல்லடையில நிக்கிற முதல் ரகம்.”

எலி மருந்துப் பொட்டலம் இல்லாத பையிலிருந்து ஒரு துவரையை எடுத்து வைத்தார். அது துளையில் உட்கார்ந்த அழகை என்னவென்று சொல்வேன்! தச்சன் இழைத்து வைத்த ஆப்பும் அப்படிப் பொருந்தாது.

“அண்ணே!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். “எங்க கேட்டாலும் கெடைக்கிற குண்டுன்னு சொன்னேன். நீங்க என் கிடங்குலயே கெடைக்கிற குண்டாப் பாத்து வாங்கியாந்துட்டீங்களே! உங்க மூளை யாருக்கு வரும்?”

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இந்நாட்டில் வயலெல்லாம் பயறு விளைகிறது. அகன்ற வாய்த் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பருப்பு வியாபாரியின் மடியில் வைத்தவன் நான். இதை எந்த முகத்தோடு யாரிடம் சொல்வது?

யார் சுடுவது என்ற கேள்வி எழுந்தது. தலைவருக்குக் கண்புரை. குருக்கள், “ஆகமத்துல அதுக்கு விதி இல்லீங்க” என்று சொல்லி மடைப்பள்ளிக்குள் போய்விட்டார். எல்லார் பார்வையும் சால்வை போர்த்தியிருந்த என்மேல் விழுந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்தது. குளித்து, திருநீறு பூசி, கிழக்கு நோக்கி நின்று, கலசத்துக்கு மேல் நான்கடி தள்ளி வெறும் வானத்தைக் குறிவைத்தேன். விரலை அழுத்தினேன். ‘டப்’ என்ற ஓசை. தோளில் ஒரு குத்து. புறாக்கள் அனைத்தும் ஒரே வீச்சில் எழுந்தன. என் துவரை கோபுரத்தைத் தாண்டிப் பறந்து, எதிர்த்தெருத் தகரக் கூரையில் ‘டங்’ என்று விழுந்தது.

“அடிச்சீங்களா?” என்றார் தலைவர்.

“பறந்துவிட்டன” என்றேன். இதுவும் பொய்யல்ல.

அன்று இருபது துவரை சுட்டேன். இருபதும் அந்தக் கூரைக்கே போயின. மாலையில் மேலும் இருபது. மூன்றாம் நாள்தான் புறாக்களின் அறிவு எனக்குப் புலப்பட்டது. முதல் ‘டப்’ கேட்டதும் அவை அஞ்சிப் பறக்கவில்லை. நிதானமாக எழுந்து எதிர்க்கூரைக்குப் போய் வரிசையாக அமர்ந்து, அடுத்த துவரைக்காகக் காத்திருந்தன. ஒரு வாரத்தில் ஓசைக்கு முன்பே போய்விட்டன. படகுத்துறையிலிருந்தும் புதிய உறவினர்களை அழைத்து வந்தன. கோபுரத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே உட்கார்ந்தால் சாப்பாடு தவறிவிடும் என்பதை இந்திரன் தலையில் குடியிருந்த புறாவும் புரிந்துகொண்டது.

தலைவருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கோபுரத்தைக் கழுவி மறுபடி வர்ணம் பூசினார். அவர் பார்வைக்கு எதிர்க்கூரை ஒரு சாம்பல் மங்கல். அது அசைவது தெரியாது. நானும் சொல்லவில்லை. பொட்டலம் இன்னும் அவர் பையில் இருந்ததே.

எதிர்க்கூரையின் கீழ் ஒரு பர்மியப் பெண்மணி த்வாண்டே மண்பானைகள் விற்று வந்தார். தவறிய துவரைகள் அவருடைய பானைகளில் விழுந்து ஒலிக்கும். சண்டைக்கு வருவார் என்று அஞ்சியிருந்தேன். ஒருநாள் வாசலில் நின்று பர்மிய மொழியில் கூவினார்.

“ஊஜீ! இது வேக ரொம்ப நேரம் பிடிக்குது. நாளைக்கு வறுத்த கடலை போடுங்களேன்!”

பெரியவரே என்று என்னை அழைத்து அவர் வைத்த விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை. கடலை அந்தக் குழலில் நுழையாது.

கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்பு வார்டு லூஜீயே நேரில் வந்தார். கோயிலுக்குள் தினமும் துப்பாக்கிச் சத்தம் என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். தலைவரின் பருத்த குரல் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. என்னை முன்னே தள்ளினார்.

“பறவை விரட்ட என்று கையெழுத்து வாங்கினீர்கள். எத்தனை உயிர் போயிற்று?” என்று பர்மிய மொழியில் கேட்டார் லூஜீ. “குண்டைக் காட்டுங்கள்.”

நான் உள்ளங்கையை விரித்தேன். அவர் ஒரு துவரையை எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், வாயில் போட்டுக் கடித்தார்.

“பருப்பு!”

“ஆமாம்.”

“இதை அங்கே சுடுகிறீர்கள்?” எதிர்க்கூரையைப் பார்த்தார். முந்நூறு புறாக்கள் கழுத்தை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வேளை தவறிவிட்டது என்ற கோபம் அவற்றின் கழுத்தில் தெரிந்தது. லூஜீ தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

“தானம் செய்பவர்கள் கையால் செய்வார்கள், தட்டால் செய்வார்கள். துப்பாக்கியால் அஹ்லூ செய்யும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்! இப்படிப்பட்ட புண்ணியத்தை நான் தடுத்தால் எனக்கல்லவா பாவம்?”

அவர் போனபின் தலைவர் என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

“அண்ணே. என் துவரையைத் தின்னு கொழுக்குதா அதுங்க?”

“ஆமாம்.”

“ஒண்ணைக்கூட அடிக்கலையா?”

“வானத்தைத்தான் அடித்தேன்.”

“வேணும்னேதான் குண்டு கெடைக்காத துப்பாக்கியா வாங்கினீங்களா?”

“ஆமாம்.”

“உங்களுக்குச் சால்வை வேற போர்த்தினேன்” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டபடியே போய்விட்டார். அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. கையும் பையைவிட்டு நீங்கவில்லை.

கும்பாபிஷேக நாள். குடங்கள் மேலேறிவிட்டன. மேளம் நின்றது. கருடன் வந்து வட்டமிட்டால்தான் நீர் விடுவார்கள். எல்லோரும் அண்ணாந்து நின்றோம். தெளிந்த வானம்; காக்கைகூட இல்லை. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. தலைவர் கண்புரைக் கண்களை இடுக்கிக்கொண்டு, “வந்துச்சா? யாராச்சும் சொல்லுங்கப்பா, வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது ஆற்றின் பக்கமிருந்து வந்தது. வெண்கழுத்தும் செம்மண் சிறகுமாக, அவசரமில்லாமல். கோபுரத்தின்மேல் ஒரு வட்டம், இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் கலசத்தின்மேல் நீர் விழுந்தது. ‘அரோகரா’ என்ற ஓசையில் என் காது அடைத்தது. தலைவர் தேம்பித் தேம்பி அழுதார்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருடன் எதைப் பார்த்து வட்டமிடுகிறது என்று நோக்கினேன். அதன் கண் எதிர்த்தெருத் தகரக் கூரையில் துவரை தின்று கொழுத்து அமர்ந்திருந்த முந்நூறு புறாக்கள்மேல் இருந்தது. அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கூரைச் சரிவின் கீழ் பதுங்கின; ஒன்றும் பிடிபடவில்லை.

தலைவரின் காதருகே சென்று, கருடனை வரவழைத்தவை அந்தப் புறாக்களே என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எதிர்க்கூரைப் பக்கம் திரும்பிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

“இதை ஆத்துலயும் போட்ராதீங்க, மீனு செத்துரும். எங்கயாச்சும் ஆழமாப் புதைங்க” என்றார். “நாளையிலேருந்து காலையில ஒரு படி, சாயங்காலம் ஒரு படி. என் கிடங்குலேருந்து வரும். முதல் ரகமே.”

துப்பாக்கி இன்றும் மடைப்பள்ளிச் சுவரில் தொங்குகிறது. ஆயுத பூசையன்று அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

இதைப் படித்தவர்களும், பிறர் படிக்கக் கேட்டவர்களும், பாதியில் நிறுத்திச் சமையலைக் கவனிக்கப் போனவர்களும் நீடு வாழ்க. அவர்கள் உலையில் பருப்பு விரைந்து வேகட்டும். அவர்கள் பிறர்மேல் வைக்கும் குறிகள் எல்லாம் தவறிப்போகட்டும். அவர்கள் தலைக்கு மேலே பறக்கும் பறவைகள் யாவும் சற்றே தள்ளிப் பறக்கட்டும். முருகன் துணை.