வெர்லின் ஒட்டிய சீட்டுகள்

வெர்லின் ஸ்டாஃபர் முப்பத்து நான்கு வருடம் ஒஹாயோவின் பண்ணைச் சாலைகளில் தபால் கொடுத்தவர். ஊருக்கு அவர் தபால்காரர். கார்னிவல் கண்ணாடி சேர்ப்பவர்களுக்கோ, அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

திருவிழாக் கடைகளில் பந்தெறிந்து ஜெயித்தவர்களுக்கு ஒரு காலத்தில் பரிசாகப் போன கிண்ணங்களும் தட்டுகளும்தான் அந்தக் கண்ணாடி. மழைத் தண்ணீரில் எண்ணெய் சிந்தியதுபோல மேலே பல நிறம் மினுக்கும். அந்த மினுக்கலில் மயங்கினால் போச்சு. கவிழ்த்துப் பிடித்து, பூச்சு படாத அடிவிளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடியின் சொந்த நிறம் அங்கேதான் தெரியும். பூ வேலைப்பாட்டைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். நிறத்துக்கு மட்டும் வெர்லினிடம் வருவார்கள். அவர் ஒரு பார்வை பார்ப்பார், ஒரு சொல் சொல்வார், அதைப் பென்சிலால் நகமளவு சீட்டில் எழுதி அடியில் ஒட்டுவார்.

மார்ச்சில் அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள்; வலது கண் இன்னும் பாக்கி. மறுநாள் கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், படுக்கையறை வாசலிலேயே நின்றார்.

"ஆர்லீன், எப்ப பெயின்ட் அடிச்ச?"

"யாரு அடிச்சா?"

"சுவரு வெள்ளையா இருக்கே."

"பதினோரு வருஷமா அது வெள்ளைதான். நீதான் பழுப்பு பழுப்புன்னு என் உயிர வாங்குன," என்றார் மனைவி.

வெர்லின் சிரித்தார். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது அடுக்கில் மயில் போட்ட தட்டு. அடியில் அவர் கையெழுத்திலேயே 'பனிப் பச்சை' என்ற சீட்டு, பனிக்கட்டிபோல் வெளிறிய பச்சை. ஜன்னலருகே கொண்டுபோனார். இடது கண்ணை மூடினால் பச்சை. வலது கண்ணை மூடினால் நீலம். மறுபடி மூடித் திறந்தார்.

"என்ன, கண்ணாமூச்சியா?" என்றார் ஆர்லீன்.

அது டொலோரஸ் குபிக் கொண்டுவந்த தட்டு. நெடுஞ்சாலை உணவகத்தில் பரிமாறும் டொலோரஸுக்கு அம்மா விட்டுப்போனது ஐந்து மயில் தட்டுகள், ஐந்தும் பனி நீலம். ஆறாவதை இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பண்ணை விற்பனையில் இந்தத் தட்டைக் கண்டெடுத்து, கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் ஓடிவந்தார். வெர்லின் கவிழ்த்துப் பார்த்து, "பச்சை" என்றார். டொலோரஸின் முகம் விழுந்துவிட்டது. "பச்சைன்னா எனக்கெதுக்கு, நீயே வச்சுக்க," என்று வெர்லின் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

பார்ப்பதையெல்லாம் மஞ்சளாக்கும் புரை எட்டு வருடமாவது வளர்ந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வருடத்தில் எத்தனை வீட்டுத் தட்டில் எத்தனை சீட்டு!

"வெளிய சொன்னா, அப்புறம் உன்கிட்ட எவன் நிறம் கேக்க வருவான்?" என்றார் ஆர்லீன்.

வெர்லின் தட்டைத் துண்டில் சுற்றினார்.

ஏப்ரலில் ஒரு ஓட்டலில் கார்னிவல் கண்ணாடி சேர்ப்பவர்கள் சங்கத்தின் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் ஓட்டல் அறைக் கதவுகளைத் திறந்துபோட்டு, கட்டில்மேல் கண்ணாடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர்கள் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டொலோரஸின் அறையில் ஐந்து நீலத் தட்டுகளும் தலையணைமேல் சாய்ந்திருந்தன.

"வா ராசா. கட்டில்ல மட்டும் உக்காந்துடாத, மொத்தமும் போயிடும்."

வெர்லின் நின்றபடியே துண்டைப் பிரித்தார், நடந்ததைச் சொன்னார். டொலோரஸ் தட்டை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தார்.

"அன்னைக்கு வண்டியிலயே பாத்தேன். எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ பச்சைன்னுட்ட. சரி, என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு அடுத்த வாரமே மூக்குக்கண்ணாடிய மாத்தினேன். எம்பது டாலர்!"

டொலோரஸ் தட்டை மற்ற ஐந்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஆறும் ஒரே நீலம். பிறகு இடுப்பில் கை வைத்துத் திரும்பினார்.

"என் வீட்லயே உன் சீட்டு இன்னும் பதினேழு இருக்கு. இங்க வந்தவங்ககிட்ட எத்தன இருக்கோ. எல்லார்கிட்டயும் சொல்லு. நாளைக்கில்ல, இப்பவே."

"சிரிப்பாங்க, டொலோரஸ்."

"சிரிக்கட்டுமே. மூணு வருஷமா பொருந்தாத கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பர்கர் கேட்டவனுக்கு முட்டைய கொண்டுபோய் வச்சுக்கிட்டிருக்கேன் நான்."

வெர்லின் மேசைமேலிருந்த ஓட்டல் தாளை எடுத்தார். 'கடந்த எட்டு வருடத்தில் நான் ஒட்டிய சீட்டுகள் தவறாக இருக்கலாம். கொண்டுவாருங்கள், திரும்பப் பார்க்கிறேன். வெர்லின் ஸ்டாஃபர்' என்று எழுதி, கதவில் ஒட்டினார்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இண்டியானாக்காரர் ஹார்லன் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"என்னப்பா இது! நீ சொன்னேன்னு நம்பி நாலு வாங்கி வச்சிருக்கேன். என் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா, என்னையும் கட்டில்ல பரப்பி வித்துடுவா."

வெர்லின் கிண்ணத்தைக் கவிழ்த்தார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தை டொலோரஸிடம் நீட்டினார்.

"நீ மொதல்ல சொல்லு."

டொலோரஸ் எண்பது டாலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜன்னலுக்குப் போனார்.

"நீலம்."

வெர்லின் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"நீலம்தான்," என்றார், 'பச்சை' என்ற பழைய சீட்டை நகத்தால் சுரண்டியபடி. அதற்குள் வாசலில் ஆறு பேர் கிண்ணமும் தட்டுமாக நின்றிருந்தார்கள்.