நீலமாகப் பெருகிய செல்கள்

உயிருள்ள செல்லுக்குள் நீலச் சாயம் நுழையாது, செத்ததற்குள்தான் நுழையும். அப்படி நீலமானவற்றை எண்ணுவதுதான் எங்கள் தொழில். நுண்காட்டியில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகபாடிகளே, உங்களுக்கு இது புதிதல்ல.

ஊரடங்கில்

கண்டிக்குப் பக்கத்து ஆய்வுகூடமொன்றில் நாங்கள் வளர்த்தவை இரத்தப் புற்றுநோய்ச் செல்கள். அவற்றுக்குரிய நோயாளி எந்த நாட்டிலோ செத்து வருடக்கணக்காகிறது; செல்கள் மட்டும் எங்கள் போத்தல்களில் பெருகிக்கொண்டிருந்தன. இரண்டு நாளுக்கொரு முறை ஊட்டம் மாற்ற வேண்டும். கலவரத்துக்கு அது தெரியுமா? ஊரடங்குப் பாஸ் வாங்கிக்கொண்டு போனேன். பாலத்தில் மறித்த சிப்பாய்க்கு என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது. என்ன வேலை என்றான். செத்த செல்களை எண்ணுவது என்றேன். பாஸைத் திருப்பித் தந்து சிங்களத்தில் கேட்டான்: "செத்ததை எண்ணவா அவ்வளவு தூரம் போறீங்க?"

சீனத்துப் பொடி

சீன வைத்தியர்கள் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலப் பொடிக்கு இந்த நோய் கேட்கிறதா என்பது எங்கள் ஆராய்ச்சி. போத்தல் கழுவும் முத்தையா அண்ணைக்கு அது வெறும் ஆராய்ச்சி இல்லை. கலஹாத் தேயிலைத் தோட்டத்துக்காரர்; ஒன்பது வயது மகள் இதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எத்தனை செத்துச்சு, மிஸ்?"

ஒன்றுகூட மிச்சமில்லை

ஒரு காலை, பொடி போட்ட போத்தலில் எடுத்த துளி முழுக்க நீலம். வாயை அடக்காமல், "எல்லாம் செத்துப்போச்சு, அண்ணை" என்றேன். அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

மறுநாள் அவரும் வரவில்லை, டப்பாவில் பாதிப் பொடியும் இல்லை. நுண்காட்டியில் பார்த்தேன். செல்கள் இரண்டு மடங்காகியிருந்தன, அத்தனையும் நீலமாக. செத்தவை பெருகிக்கொண்டிருந்தன. பிறகுதான் மூளை வேலை செய்தது: பொடியும் நீலம்தானே. உயிருள்ளவற்றின் மேல் அது ஒட்டியிருக்க, கழுவாமல் எண்ணித் தொலைத்திருக்கிறேன். எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் முழுவதையும் கேட்டார். "ஓம், பிழைதான். ஆருக்கும் சொன்னனீரோ?"

வார்ட்டில்

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தது, நாக்கு நீலம். இனி ஊசி வேண்டாமென்று முத்தையா அண்ணை உடுப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வெளியே கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே செத்துவிடலாம் போலிருந்தது. ஊசியை நிறுத்த மாட்டேன், பொடி கொடுத்ததை டொக்டரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க, மிஸ். இன்னைக்குத்தான் ரெண்டு ரொட்டி தின்னிருக்கா."

மறுநாள் பொடி போக மூன்று முறை கழுவி நான் எண்ணிய அந்த ஒழுங்கான கணக்கில் ஒரு செல்கூடச் செத்திருக்கவில்லை.