மைத்துனரும் சங்கத்துச் சக்கரமும்

என் மனைவியின் தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். நாற்காலி, குழாய், குக்கர் மூடி, எது லொடலொடத்தாலும் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிடும். போன வருடம் மட்டும் எங்கள் வீட்டில் பதினேழு பொருள்களை இறுக்கினார். அவற்றில் மூன்றை அதன் பிறகு யாராலும் திறக்க முடியவில்லை.

"லிஃப்ட்ல ஒரு நூல் ஆடினாலும் உள்ள நிக்கிறவனுக்கு உயிர் தொண்டைக்கு வந்துடும் அத்தான்" என்பார்.

அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எனக்குத் தங்கை முறை. "என் நாக்கைத் தவிர வீட்டுல ஆடுற எல்லாத்தையும் முறுக்கிட்டாரு அண்ணா. அதுக்கு அளவான ஸ்பேனர் இன்னும் கிடைக்கல" என்று அவர் முன்னாலேயே சொல்வார்.

இருவரும் எங்கள் சைக்கிள் சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிதிக்கும் வலுவை வாட் கணக்கில் அளக்கும் கருவி பின் சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள் இருக்கும். அப்படிப்பட்ட சக்கரம் சங்கத்திடம் ஒன்றுதான். மலைப் பந்தயத்துக்கு நால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அந்த ஒரே சக்கரத்தைத் தங்கள் சைக்கிளில் மாட்டி இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். 'உன் கருவி கூடக் காட்டுது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வருடம் மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடத்துக்கு இருவர். ஒருவர் சங்கத்துக்குச் சீருடை தைக்கும் தையல்காரர், சனிக்கிழமை காலையே மிதித்து 208 வாட் எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது தங்கைதான். போன வருடம் இரண்டு வாட்டில் இடத்தை இழந்தவர், நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை முயல்கிறார். அன்று மாலை ஆறு மணிக்குள் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.

பிற்பகல் 2.35-க்குத் தையல்காரரின் சைக்கிளிலிருந்து சக்கரத்தைக் கழற்றியபோது டக் என்று ஒரு சத்தம். அச்சைப் பிடித்து ஆட்டினால் இரண்டு மில்லிமீட்டர் போய் வந்தது. கடைகளில் கேட்டேன். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள்.

"திங்கக்கிழமை நான் பஸ்ஸைத்தான் மிதிக்கணும்" என்றார் தங்கை. சிரித்தார், ஆனால் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் இருக்கேன்ல?" என்றார் மைத்துனர்.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்காக நீங்களே கை வச்ச சக்கரம்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"நியாயம்தான். பக்கத்துலயே நில்லு. கண்ணைக் கொட்டாம பாரு."

அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவருடைய பட்டறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். ஹப்பின் ஓரத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம். அதைப் பூட்டும் பொடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஆட்டம் துளியும் இல்லாமல் செய்து, ஸ்க்ரூவைப் பூட்டினார். அச்சை ஆட்டிக் காட்டினார். கல் மாதிரி நின்றது.

"பார்த்தியா? லிஃப்ட் வேலை!"

சைக்கிளில் மாட்டி, அச்சின் கைப்பிடியை மடக்கி இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றினார். வழக்கமாக அந்தச் சக்கரம் அவர் சுழற்றினால் நாற்பது சுற்றுக்குக் குறையாது. நான் எண்ணினேன். ஒன்பதாவது சுற்றில் கரகரவென்று நின்றுவிட்டது.

மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. கழற்றினார், கையில் வழுவழுவென்று சுற்றியது. மாட்டினார், கரகரத்தது. மூன்று முறை இப்படியே. மணி 3.50.

வாசலில் நின்ற தங்கைதான் கேட்டார். "கைப்பிடியை மடக்கினதும்தானே கரகரங்குது?"

"ஆமா."

"அப்ப அந்தக் கைப்பிடியும் சேர்ந்து அழுத்துது. நீங்க ஏற்கனவே மூச்சு முட்ட முறுக்கி வச்சிருக்கீங்க. கொஞ்சம் ஆட்டத்தோட விடுங்க, மிச்சத்தை அது இறுக்கிக்கும்."

"ஆட்டத்தோட விடுறதா? நானா?"

"என் பஸ் ஸ்டீயரிங்ல ரெண்டு விரல் ஆட்டம் இருக்கு. அது இல்லாம இறுக்கினா வளைவுல திருப்ப முடியுமா? இருபத்திரண்டு வருஷமா அதைப் பிடிச்சுதான் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

மைத்துனர் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தன் கையையே தான் முறுக்குவது போல முகத்தை வைத்துக்கொண்டு வளையத்தை அரைக்கால் சுற்று தளர்த்தினார். அச்சைத் தொட்டால் மெல்லிய அசைவு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பூட்டினார். சைக்கிளில் மாட்டிக் கைப்பிடியை மடக்கினார், அசைவு மறைந்தது. சுழற்றினார். இருபது, முப்பது, நாற்பத்திரண்டு.

"இவ்வளவு வருஷமா நான் எத்தனை பொருளை மூச்சு முட்ட வச்சிருப்பேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கேளுங்க, சொல்லும்" என்றார் தங்கை.

அளவு மாறவில்லை என்று தெரிய வேண்டுமே. அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. முன்னும் பின்னும் முப்பத்துநான்கு பல் உள்ள சக்கரங்களில் சங்கிலியைப் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடையாக நிற்கும் பெடலில் பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் கருவி முறுக்கு விசையை 16.7 என்று காட்ட வேண்டும். அன்று காலை 7.10-க்கும் அதையேதான் காட்டியது. கல்லைத் தையல்காரர் கையில் கொடுத்தார் மைத்துனர். அவர் தொங்கவிட்டார். 16.7. எடுத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டார். 16.7. மூன்றாவது முறைக்கும் அதுதான்.

"அக்கா, கிளம்புங்க. சும்மா விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனா கூடவே வந்து கத்துவேன்" என்றார் தையல்காரர்.

4.40-க்குத் தங்கை தொடங்கினார். ஏரிக்கரைச் சாலையில் தையல்காரர் பக்கத்திலேயே தன் சைக்கிளில் போய்த் தொண்டை கிழியக் கத்தினார். மைத்துனர் சாலையோரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஆடியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

5.00-க்குத் தங்கை காலை ஊன்றி நின்று ஹேண்டில்பாரில் இருந்த கருவியின் திரையை என் பக்கம் திருப்பினார். 211.

மைத்துனர் ஓடிவந்தார். பழக்க தோஷம், கை நேராகப் பின் சக்கரத்துக்குப் போனது.

"ஏங்க, மிதிச்சது நான்!"

கை பாதியில் நின்றது. பிறகு மனைவியைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் முழங்கை பட்டு மணி அடித்தது. தையல்காரர் கைகொட்டிச் சிரித்தார். "சீருடை நான்தான் தைக்கணும். அக்கா, அளவு குடுங்க. அண்ணே, கொஞ்சம் லூசா தைக்கட்டுமா?"

"ரெண்டு விரல் விடு" என்றார் மைத்துனர்.

பட்டியலை 5.22-க்கு அனுப்பினேன்.